லாலானைத் திரும்ப நட்ட ஞாயிற்றுக்கிழமை

என் மனைவி கால்வாயில் விழுந்தபோது நான் டயர் கடையில் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவளே மேலே ஏறி, சேற்றுச் சட்டையோடு வீட்டுக்கு நடந்து, இடது மணிக்கட்டைத் துண்டால் சுற்றிக்கொண்டு எனக்குப் போன் செய்தாள்.

"நான் விழுந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வர வேணாம். வந்து டாக்டர்கிட்ட பேசவா போறீங்க?"

அவள் சொன்னது சரி. நான் பேச மாட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். அந்த ஆறு வருடத்தில் நான் வாத்தியாரிடம் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும், அதில் பாதி "தண்ணி குடிக்கப் போகலாமா" என்பது. டயர் கடை எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணமே டயர் பதில் சொல்லாது என்பதுதான். வீட்டில் கரண்டுக்காரன் வந்தாலும், கடையில் மீ கோரெங் வாங்கினாலும், சம்பந்தி வீட்டில் பேச வேண்டியதானாலும், பேசுவது அவள்தான். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன்.

எங்கள் தாமான் குடியிருப்பு ஈப்போவிலிருந்து லகாட் போகிற பக்கம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தை விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு மலிவு விலை வீடு கட்டிக் கொடுத்தார்கள். வீடுகளுக்குப் பின்னால் பெரிய கால்வாய். கால்வாய்க் கரையோடு போனால் ஏழெட்டு நிமிடத்தில் பஸ் நிற்கிற பெரிய சாலைக்குப் போய்விடலாம். முன்பக்கமாகச் சுற்றிப் போனால் அரை மணி நேரம். கரையில் பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்பளவு லாலான் புல், நடுவில் ஒரு வழுக்கல் தடம், யாரோ தூக்கிப்போட்ட சோபா. என் மனைவி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். ஆறே கால் பஸ்ஸை விட்டால் அவளுக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளம். அதனால் மழையானாலும் அந்தக் கரையில்தான் போவாள்.

கையில் கட்டுப் போட்டு வந்த அன்று சாயந்திரமே சொல்லிவிட்டாள்.

"தீபாவளிக்குள்ள அந்தக் கரைக்கு ஒரு வழி பண்ணலன்னா, நான் வேலைய விட்டுட்டு கிள்ளானுக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன். அவ ரூம் ஒதுக்கி வச்சிருக்கா. நீங்க டயரோட இருங்க."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஒரு முறை சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அன்றைக்கு முட்டைகோஸ் நறுக்கப் போனாள், ஒரு கையால். அவள் கிள்ளானுக்குப் போய்விட்டால் நான் என்ன சாப்பிடுவேன் என்பதுகூட எனக்குக் கவலையில்லை. சாப்பாட்டை யார் கேட்டு வாங்குவது?

அந்தச் சமயத்தில்தான் மாநகர் மன்றத்தின் உதவித் திட்டம் பற்றிக் கிராணி ஐயா கேள்விப்பட்டு வந்தார். அவர் தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்த்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூலை வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் டாக்டர், என்ஜினியர். அவர்கள் கூப்பிட்டும் இவர் போகவில்லை. திட்டம் இதுதான்: குடியிருப்பவர்களே ஒரு வேலையை எடுத்துச் செய்தால், அவர்கள் போடுகிற உழைப்புக்கு ஈடாக மன்றம் சிமெண்டும் கைப்பிடிக் கம்பியும் கொத்தனாரும் தரும். நாம் நூறு மணி நேரம் வேலை செய்தால் அதற்குத் தகுந்த சிமெண்டு. காசு போட வேண்டியதில்லை, கை போட்டால் போதும்.

விண்ணப்பப் பாரத்தில் தலைவர் என்று ஒருவர் பெயர் வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்கள் தாமானில் கோயில் கமிட்டி இரண்டாக உடைந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. ஒரு தரப்பு ஆள் தலைவரானால் மற்றத் தரப்பு மண்வெட்டியைத் தொடாது. பொது மண்டபத்தில் கூடி ஒரு மணி நேரம் கத்தினார்கள். நான் சுவரோரமாக நின்றேன்.

"இரண்டு பக்கமும் சேராத ஆள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார் கிராணி ஐயா.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரிடமும் நான் ஒன்றும் சொன்னதில்லை.

"இவரு சரி லா," என்றார் பழைய மண்டோர் அண்ணன். "வாயத் தொறக்க மாட்டாரு. சண்ட வராது."

அப்படித்தான் நான் தலைவரானேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் விழுந்த பிறகு சிரித்தது அன்றுதான்.

தலைவர் நான் என்றாலும் வேலையை நடத்தியது மண்டோர் அண்ணன்தான். அவர் தோட்டத்தில் முப்பது வருடம் ஆள் மேய்த்தவர். எழுபது வயதிலும் குரல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும். மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அதிகாரி வருவார், வேலையைப் பார்வையிட்டு மணி நேரத்தைக் குறித்துக்கொள்வார் என்று கிராணி ஐயா மண்டபத்தில் விளக்கினார்.

"சரி. காலையில அஞ்சரைக்குப் பெரட்டு," என்றார் மண்டோர் அண்ணன்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடிவதற்கு முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. தோட்டம் போய் இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கிருந்த அத்தனை பேரும் சும்மா தலையாட்டினார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோட்டத்தில் மேனேஜர் துரை ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். அவர் வரும்போது வேலை முடிந்து, இடம் சுத்தமாக இருக்க வேண்டும். முடியாமல் இருந்தால் அன்றைக்கு மண்டோருக்கும் வசவு, நமக்கும் வசவு. ஒன்பது மணிக்கு ஒருவர் பார்வையிட வருகிறார் என்றால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆனால் நான் அந்தக் கடிதத்தை வீட்டில் இரண்டு நாள் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். தலைவர் ஆயிற்றே. அதில் ஒரு வரி, வேலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று இருந்தது. மண்டோர் அண்ணன் அஞ்சரை என்றதும் நான் கையைப் பாதி தூக்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கையால் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சரைக்கு இருபது பேர் வந்தார்கள். இரண்டு தரப்பும் வந்திருந்தது, தனித்தனியாக நின்றாலும். என் மனைவிக்கு அன்று வேலை. கட்டு அவிழ்த்த கையோடு, முன்பக்கமாகச் சுற்றி, ஐந்து மணிக்கே கிளம்பிப் போயிருந்தாள். போகும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"ஒழுங்காப் பண்ணுங்க. கிள்ளான் பஸ்ஸுக்கு நான் ஒண்ணும் ஆசப்படல."

அந்த மூன்று மணி நேரத்தில் அவர்கள் செய்தது போன்ற வேலையை நான் இதுவரை பார்த்ததில்லை. தோட்டத்து ஆட்கள் என்று சொன்னால் போதாது. ரப்பர் பால் வெட்டிய அக்காமார்கள் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பாராங்கத்தியோடு இறங்கினார்கள். லாலான் வேரோடு வந்தது. சோபாவைத் தூக்கினார்கள். அதற்குக் கீழே ஒரு மெத்தை, மெத்தைக்குக் கீழே உடைந்த கக்கூஸ் கிண்ணம், அதற்கும் பின்னால் மூன்று டயர். டயரைப் பார்த்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது நான் பூச்சாடி செய்யக் கொண்டுவந்து, மனைவி வேண்டாம் என்று சொன்ன டயர். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. வீடுகளின் பின்பக்கத்திலிருந்து பாதி வழியில் இருக்கிற கல்வெர்ட்டுப் பாலம் வரை கரை முழுதும் மண் தெரியச் சமன் செய்யப்பட்டு, விளக்குமாறால் கூட்டியும் ஆகிவிட்டது. குப்பை ஒரு மூலையில் குவியலாக இருந்தது. பாதிப் பேர் வீட்டுக்குப் போய்க் குளித்து, விபூதி பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஓர் அக்கா தே ஓ கறுப்புத் தேநீரும் கச்சாங் பூத்தே கடலையும் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தார். அதிகாரிக்கு.

அப்போது என் போன் அடித்தது. எனக்குப் போன் எடுப்பது பிடிக்காது. ஆனால் தலைவர்.

பேசியது அந்த அதிகாரி. மலாய்ப் பெண், குரல் சின்னப் பிள்ளை குரலாக இருந்தது. வந்துகொண்டிருக்கிறேன் அங்கிள், இன்னும் இருபது நிமிடம் என்றார். பிறகு சொன்னார்: தயவுசெய்து நான் வரும்வரை ஒன்றையும் தொடாதீர்கள். வேலைக்கு முன்னால் இடம் எப்படி இருந்தது என்று படம் வேண்டும். ஆட்கள் வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்தால்தான் மணி நேரம் எழுத முடியும். சரியா, அங்கிள்?

நான் "யா" என்றேன். வேறென்ன சொல்வேன்.

போனை வைத்துவிட்டு மண்டோர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கூட்டிப் பெருக்கிய கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தோட்டத்தில் தீப்பிடித்தால் எப்படிக் கத்துவாரோ அப்படிக் கத்தினார்.

"எல்லாத்தையும் திரும்பப் போடு!"

"என்னாது?"

"போடு லா! லாலான நடு! சோபாவத் தூக்கு!"

குளித்துவிட்டு வந்தவர்கள் நல்ல சட்டையோடு சோபாவைத் தூக்கினார்கள். புல்லைக் குவியலிலிருந்து அள்ளி, மண்ணில் குச்சியால் ஓட்டை போட்டு, நாற்று நடுவதுபோல் நட்டார்கள். வயலே பார்க்காத பரம்பரை நாங்கள். அன்றைக்கு எல்லாரும் நாற்று நட்டோம்.

"அக்கா, வேர மேல வச்சு நடுறீங்க."

"இருக்கிற அவசரத்துல மேல என்னா கீழ என்னா!"

"சோபா அந்தப் பக்கம் பாத்துல்ல இருந்துச்சு?"

"இல்ல மச்சான், கால்வாயப் பாத்து இருந்துச்சு. நான் அதுல உக்காந்திருக்கேன்."

"நீ எதுக்குடா அதுல உக்காந்த?"

"வீட்டுல சண்டை."

கக்கூஸ் கிண்ணம் மெத்தைக்கு மேலா கீழா என்று இரண்டு தரப்புக்கும் வாக்குவாதம் வந்தது. ஐந்து வருடத்தில் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கிராணி ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர், "இது முறையான காரியமாய்த் தெரியேல்லை," என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பிடி லாலானை அவரும் நட்டார்.

அதிகாரி ஒன்பது மணிக்குச் சரியாக வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் தூடோங், ரப்பர் பூட்ஸ், கையுறை, கழுத்தில் அட்டை. எங்களோடு சேர்ந்து வேலை செய்யவே வந்திருந்தார். தே ஓவை வாங்கிக் குடித்தார். கரையைப் படம் எடுத்தார். வெயில் ஏறி, நட்ட புல்லெல்லாம் தலை தொங்கிப் படுக்க ஆரம்பித்திருந்தது.

"தொடங்கலாம்," என்றார்.

தொடங்கினோம். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மெதுவாகச் செய்யுங்கள் என்று மண்டோர் அண்ணன் கண்ணால் காட்டிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அந்த ஆட்களுக்கு மெதுவாக வேலை செய்யத் தெரியாது. இரண்டு விரலால் தொட்டாலே புல் கையோடு வந்தது. அதிகாரியும் ஒரு பிடியைப் பிடித்து இழுத்தார். பலமாக இழுக்கப்போய்ப் பின்னால் சாய்ந்து, சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த புல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர் மேலே இருந்தது.

"யார் தலைவர்?" என்று கேட்டார்.

இருபது பேரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். நான் தனியாக நின்றேன்.

கிராணி ஐயா என் காதுக்குப் பக்கத்தில், "நேற்று மழை பெய்தது, மண் இளகிப்போச்சு எண்டு சொல்லும்," என்றார். நல்ல பொய்தான். சொன்னால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் பொய் சொல்ல நிறையப் பேச வேண்டும். அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும். எனக்கு அவ்வளவு பேச்சு இல்லை. உண்மை சுருக்கமாக இருந்தது.

"புவான், நாங்க முடிச்சிட்டோம்," என்றேன் மலாயில். "அஞ்சரைக்கு ஆரம்பிச்சு எட்டரைக்கு முடிச்சிட்டோம். நீங்க போன் பண்ணதும் திரும்ப நட்டோம்."

மண்டோர் அண்ணன் முகம் கறுத்தது.

"ஏன் அஞ்சரைக்கு?"

"தோட்டத்துல அப்படித்தான். துரை வர்றதுக்கு முன்னால வேலை முடிஞ்சிருக்கணும்."

"யார் துரை?"

யோசித்தேன்.

"நீங்கதான், புவான்."

பின்னால் ஓர் அக்கா சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும். அதிகாரி சோபாவில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்து முடித்ததும் அவர் போனை எடுத்து, அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். அவர் சொன்னது கறாராக இருந்தது. நான் பார்க்காத வேலைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, அங்கிள். நூறு மணி நேரம் என் கண் முன்னால் நடக்க வேண்டும். இந்த மாதத்தோடு திட்டம் முடிகிறது. இங்கே இனி என்ன வேலை பாக்கி இருக்கிறது?

ஒன்றும் பாக்கி இல்லை. அதுதான் பிரச்சினை. எல்லாவற்றையும் முடித்துவிட்டோம்.

கிள்ளானில் ஒதுக்கி வைத்த ரூம் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கே ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருக்கிறது என்றுகூட மகள் சொல்லியிருந்தாள். நான் கல்வெர்ட்டுக்கு அப்பால் பார்த்தேன். அங்கிருந்து பெரிய சாலை வரை கரை இன்னும் மோசம். சீனர் பட்டறைகளின் பின்பக்கம். முள், மூங்கில் புதர், பழைய இரும்பு. அது நம் எல்லை இல்லை என்று திட்டத்தில் சேர்க்கவில்லை. கல்வெர்ட்டு வரை சிமெண்டு, அதற்கப்புறம் சேற்றில் நடந்துகொள்ளலாம் என்றுதான் ஏற்பாடு.

"அங்கேர்ந்து பெரிய ரோடு வரைக்கும் செய்யிறோம்," என்றேன்.

"யோவ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அது நம்ம வேலையா லா?"

"அதுலதான் பஸ்ஸு நிக்குது," என்றேன் திரும்பாமலே.

அதிகாரி எழுந்து போய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பட்டறைக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். ஆனால் சிமெண்டு அதிகமாகத் தர முடியாது, அதே அளவுதான். முழுதும் போட வேண்டுமென்றால் பாதை ஒல்லியாகத்தான் இருக்கும். ஒரு ஆள் போகலாம். சம்மதமா?

சம்மதம் என்றேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, இன்னொன்றும் கேட்டேன். அடுத்த ஞாயிறு அஞ்சரைக்கு வர முடியுமா?

விடிகாலை சுபூ தொழுதுவிட்டு ஆறரைக்கு வருகிறேன், அதற்கு முன் ஒரு புல்லைக்கூடத் தொடக் கூடாது என்றார்.

அன்று சாயந்திரம் என் மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் விஷயம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தாமான் முன்வாசலிலிருந்து வீடு வரைக்கும் நான்கு பேர் அவளை நிறுத்தி நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றில் நான் அதிகாரியைத் திட்டினேனாம். இன்னொன்றில் அழுதேனாம்.

"என்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"சும்மா பேசினேன்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

அவள் கைப்பையை வைக்காமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த ஞாயிறு இருபது பேரும் அஞ்சரைக்கே வந்துவிட்டார்கள். பழக்கம் போகாது. கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். ஓர் அக்கா முள்ளைப் பார்த்துக்கொண்டே பாராங்கத்தியைத் தீட்டினார், திரும்பத் திரும்ப. அதிகாரி வந்து பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எல்லாரும் தானாக வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் பெரட்டு எடுப்பதைப் பார்த்துக்கொண்டு மண்டோர் அண்ணன் கடைசியில் நின்றார். தன் பெயர் வந்தபோது "ஆ" என்று மட்டும் சொன்னார். முதுகு வளைய வேலை செய்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடம் துரைமாரைச் சமாளித்தவரை இருபது பேர் முன்னால் நான் காட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் கோபம் நியாயம்தான்.

பதினொன்றரை மணிக்கு நூறு மணி நேரம் ஆனது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். கொத்தனார் வந்து பாதை போட்டு முடிக்க மூன்று வாரம். அவர் சொன்னபடியே ஒல்லியாக இருந்தது. எதிரில் ஆள் வந்தால் இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். கோயில் கமிட்டியின் இரண்டு தலைவர்களும் முதல் நாளே நடுவில் சந்தித்துக்கொண்டார்கள் என்று கேள்வி. யார் பின்வாங்குவது என்று ஐந்து நிமிடம் நின்றார்களாம்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோது பாதையைத் திறந்துவிட்டார்கள். அன்று காலை என் மனைவி பின்கதவைத் திறந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். குதிகாலால் சிமெண்டைத் தட்டிப் பார்த்தாள். பிறகு நடந்தாள். வேகமாக, திரும்பிப் பார்க்காமல். கல்வெர்ட்டைத் தாண்டிப் பட்டறைகளைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தபோது பஸ் இன்னும் வரவில்லை. அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து மகளுக்கு அடித்தாள்.

"நாந்தான். அந்த ரூம்ல உன் மாமியாரு வேணா வந்து இருக்கட்டும்."

பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். நான் கைலியோடு, மேல் சட்டை இல்லாமல், பெரிய சாலையில் நிற்கிறேன். பஸ்ஸுக்கு நின்ற மற்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு பாதைக்குள் நுழைந்துவிட்டேன்.

பாதி வழியில் எதிரே மண்டோர் அண்ணன் வந்தார், பேப்பர் வாங்க. இறங்கி நிற்க இடம் இல்லை. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் பட்டறைச் சுவர். இருவரும் கிட்ட வந்து, பக்கவாட்டில் திரும்பினோம். அவர் வயிறும் என் வயிறும் உரசின.

"தங்கச்சிக்குப் பஸ்ஸு கெடச்சிச்சா?" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"கெடச்சிருச்சு, அண்ணே. ரெண்டு நிமிசம் முன்னாடியே போயிட்டா."

"ம்," என்றார். என்னைத் தாண்டிப் போனவர் நாலடி தள்ளி நின்று திரும்பினார்.

"சட்டையப் போட்டுக்கிட்டு வர மாட்டியா லா? தலைவராம், தலைவரு."